மூர்த்திக்குப்பத்துக்கு மாற்றல்

18 பிப்ரவரி 1957, திங்கள்

பள்ளிக்குக் கிளம்பும்போது தேவநாதன் இன்று அழவில்லை. போன மாதம்வரை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை இழுபட்டு வருவான். இன்று மீனாட்சி அக்காவின் இடுப்பில் உட்கார்ந்தபடி கையை ஆட்டி, 'போயிட்டு வா' என்றான், கடைக்கு வந்த ஆளை அனுப்பிவைப்பதுபோல.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் வில்லியனூர்க் கடைத்தெருவில் ஒரே மளிகைக்கடையை நடத்துகிறார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்காவுக்குக் குழந்தை இல்லை. நாலு வயதாகப்போகிற என் பிள்ளையை அவள் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்கவைப்பதால்தான் நான் பெண்கள் பள்ளியில் போய்ப் பாடம் நடத்த முடிகிறது. இதை நான் மறந்துவிடக் கூடாது. அதற்காகவே எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் நான் திரும்பியபோது கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் தடுக்கி விழுந்தான். 'அம்மா' என்று கத்திக்கொண்டு எழுந்தான். என்னைத் தாண்டி ஓடி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டான்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

24 பிப்ரவரி, ஞாயிறு

பெரியவர் சாப்பிடும்போது பேச்சை எடுத்தார். பெரியவர் என்றால் இவருடைய அண்ணன் சௌந்தரராஜன். நான் மாமா என்று கூப்பிடுவேன், அதுவும் அபூர்வமாக.

'ஏகநாதா, நான் தேவாவ சுவீகாரம் எடுத்துக்கலாம்னு பாக்கறேன். எனக்கப்புறம் கடை யாருக்கு? எங்கியோ கெடக்கற புள்ளய எடுக்கறதுக்கு நம்ம ரத்தத்தையே எடுத்துடலாம்.'

இவர் சிரித்தார். 'ஒத்தப் புள்ளய சுவீகாரம் குடுக்கறது வழக்கமில்லியேண்ணா. இன்னொண்ணு பொறக்கட்டும், தாராளமா எடுத்துக்குங்க.'

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் பெரியவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு மோருக்கு இலையில் குழி பறித்தார். பேரம் முடிந்துவிட்டதுபோல.

மோர் ஊற்றியது நான். என்னை யாரும் கேட்கவில்லை.

9 மார்ச், சனி

நாள் தள்ளிப்போயிருக்கிறது. வெயில், அலைச்சல் என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். காலையில் கடுகு தாளித்த வாசனைக்கே வயிறு புரட்டியது.

இன்னொன்று பிறக்கப்போகிறது.

யாரிடமும் சொல்ல மாட்டேன்.

14 மார்ச், வியாழன்

பள்ளி விடுமுறை. பின்கட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறேன். தனிப் பாய், தனித் தட்டு. எல்லாம் பொய். மாதாமாதம் ஒதுங்குகிறவள் ஒதுங்காமல் போனால் இந்த வீட்டில் வேலைக்காரி முதற்கொண்டு தெரிந்துவிடும்.

பிள்ளை என்னிடம் வரப் பார்த்தான். அக்கா பிடித்துக்கொண்டாள். 'அம்மாவ காக்கா தொட்டுடுச்சு. கிட்ட போவாதேடா.' அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, 'எந்தக் காக்கா?' என்று கேட்டான்.

அவனை என்னிடம் வைத்துக்கொள்ளத்தான் இந்தப் பொய். அந்தப் பொய்யினாலேயே அவனைத் தொட முடியவில்லை. எத்தனை மாதத்துக்கு இப்படி ஓட்ட முடியும்? வயிறு காட்டிக்கொடுக்காதா? படித்தவள் என்று பெயர். இதற்கு மேல் ஒரு யோசனையும் வரவில்லை.

12 ஏப்ரல், வெள்ளி

தெரிந்துவிட்டது. அக்காவுக்குத்தான்.

கிணற்றடியில் நான் கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். இந்த மாதமும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன் அல்லவா. அக்கா தண்ணீர் சேந்துவதுபோல வந்து நின்றாள். கயிற்றை இறக்கவில்லை.

'மூணு நாளா குந்தியிருக்கே. தொவைக்கிற துணியே காணமே' என்றாள். 'போன மாசமும் காணல. எத்தினி மாசம்?'

சொம்பைக் கீழே வைத்தேன். 'சொல்லிடாதீங்கக்கா' என்றேன்.

'ஏன் மறைக்கறேன்னு எனக்குத் தெரியும். புள்ளய குடுக்கணுமேன்னு.' குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கிணற்றுக்குள் பார்த்தபடியே சொன்னாள்: 'அவரு நெட்டப்பாக்கத்துல ஒரு பொண்ண பாத்துட்டு வந்திருக்காரு, சுலோசனா. போன மாசம் கொள்முதலுக்குப் போறேன்னு போனாரே, அப்ப. தேவா எங்களுக்குன்னு ஆயிட்டா அந்தப் பேச்சு நின்னுடும். இல்லன்னா அவ வந்துடுவா. நான் அந்தப் பொண்ணுக்குத் தண்ணி மோந்து வெச்சுக்கினு இந்த வூட்ல கெடக்கணும்.'

'அக்கா —'

'நானா சொல்ல மாட்டேன். நீயா சொல்லு. ஆனா ரொம்ப நாள் ஆக்காதே.'

பிறகுதான் கயிற்றை இறக்கினாள்.

நான் இதுவரை என் பிள்ளையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தராசின் அடுத்த தட்டில் அக்காவின் வாழ்க்கை உட்கார்ந்திருக்கிறது. நான் என்ன செய்ய?

20 ஏப்ரல், சனி

இவரிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் பேச இடமில்லை. கோயிலுக்குப் போய்விட்டுக் குளக்கரையில் உட்கார்ந்தபோது சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. என் கையைப் பிடிக்க வந்து, ஆள் நடமாட்டத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

'அண்ணன்கிட்ட சொல்லிடறேன். ரொம்ப சந்தோஷப்படுவாரு.'

'அதனாலதான் சொல்ல வேணாங்கறேன்.'

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போனபின் அண்ணன்தான் வளர்த்தது, படிக்கவைத்தது, கடையில் பங்கு கொடுத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

'ஒரே வூடு சுலோ. இந்த ரூம்லேர்ந்து அந்த ரூமுக்குப் போறான். இன்னா ஆயிடப்போவுது?'

'என்னை சித்தின்னு கூப்புடுவான்.'

'கூப்புட்டா இன்னா?'

நான் எழுந்துவிட்டேன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அது இன்னும் மோசம்.

3 மே, வெள்ளி

இவர் பெரியவரிடம் சொல்லிவிட்டார். வீட்டில் பாயசம்.

11 ஜூன், செவ்வாய்

தேர். நெட்டப்பாக்கம், பாகூர் என்று எங்கெங்கிருந்தோ உறவு ஜனம். பெரியவர் தேவாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடவீதி முழுவதும் சுற்றினார். அவன் அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, வடம் அசைந்தபோது கூவினான். பார்த்தவர்களிடமெல்லாம் அவர், 'ஆவணியில சுவீகாரம். பத்திரம் எழுதற நொத்தேர்கிட்ட சொல்லி வெச்சாச்சு, அதுவும் அன்னிக்கே' என்றார். வெயிலில் முகம் சிவந்து, அத்தனை சந்தோஷம். இந்த மனிதரை வெறுக்க முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். வெறுக்கவும் முடியவில்லை.

யாரோ ஒரு கிழவி என் வயிற்றைப் பார்த்துவிட்டு, 'ஒனக்கென்னம்மா, ஒண்ணு போனா ஒண்ணு வருது' என்றாள்.

ஒண்ணு போனா.

அக்கா எல்லாருக்கும் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தாள். புதுப் புடவை. எத்தனையோ வருஷம் கழித்து அவள் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்காமலே டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

15 ஜூன், சனி

தலைமை ஆசிரியை ரோசம்மாள் பேச்சுவாக்கில் சொன்னார்: பாகூர்ப் பக்கம் கடற்கரையில் மூர்த்திக்குப்பம் பள்ளிக்கு ஆள் இல்லையாம். செம்படவர் குடியிருப்பு, பஸ்ஸை விட்டு இறங்கி மணப்பட்டு வழியாக நடக்க வேண்டும், போட்ட ஆள் எல்லாம் மூன்று மாதத்தில் ஓடிவந்துவிடுகிறார்களாம். 'யாரு தலையில கட்டப்போறாங்களோ' என்றார்.

வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

17 ஜூன், திங்கள்

புதுச்சேரி போனேன். வீட்டில் பள்ளி வேலை என்றேன். அதுவும் பொய்யில்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். 'அந்த ஊரு வேணாம்னு கேட்டுத்தாம்மா எல்லாரும் வருவாங்க. நீங்களா கேக்கறீங்களா?' என்றார். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, 'இந்த நேரத்துலயா?' என்றார்.

'ஆமாங்க சார்.'

'வீட்டுக்காரருக்குத் தெரியுமா?'

'தெரியும்' என்றேன். இது முழுப் பொய்.

29 ஜூன், சனி

உத்தரவு வந்துவிட்டது. கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். சுவரில் சாய்ந்துகொண்டுதான் சொன்னேன்.

பெரியவர், 'இதுக்கா மொகத்த தூக்கி வெச்சிருக்கே? ஊர்த் தலைவரு மேர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நிறுத்திடுவாரு' என்றார்.

'நான்தான் கேட்டேன் மாமா.'

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை — நான் அவரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டதுபோல. ஒருவகையில் அப்படித்தான்.

'சரி. வேலைக்குப் போ. யாரும் தடுக்கல' என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார். 'பையன் இங்க இருப்பான்.'

'பையன் என்கூட வருவான்.'

அவர் எதிரில் இந்த வீட்டில் நான் சொன்ன முதல் மறுப்பு இதுதான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அக்கா சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய பாத்திரங்களையே.

3 ஜூலை, புதன்

வந்துவிட்டோம். உடம்பெல்லாம் வலி.

காலையில் அக்காதான் பிள்ளைக்குத் தலைவாரிப் பொட்டு வைத்தாள். பஸ் நிற்குமிடம்வரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ் வந்ததும் நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. கை மட்டும் அவன் முதுகைவிட்டு எழவில்லை. நான் இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். கண்டக்டர், 'ஏறும்மா, ஏறும்மா' என்கிறான். பிள்ளை அலறுகிறான். கடைசியில் அக்கா தன் விரல்களைத் தானே பிரித்துக்கொண்டாள்.

இவர் டிரங்குப் பெட்டியைப் பஸ்மேல் ஏற்றினார். 'அடுத்த வாரம் சனிக்கிழமை வரேன்' என்றார். கூட ஏறவில்லை.

புதுச்சேரியில் கடலூர் பஸ் மாறிக் கன்னியக்கோயிலில் இறங்கும்வரை அவன் 'பெரிம்மா, பெரிம்மா' என்று அழுதுகொண்டே வந்தான். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: 'நீ யாரு அந்தப் புள்ளைக்கு?'

8 ஜூலை, திங்கள்

பள்ளி ஒரு ஓலைக் கொட்டகை. மணல் தரை. பையன்கள் வலை இழுக்கும் நேரத்துக்கு எழுந்து போய்விடுகிறார்கள். பரவாயில்லை, திரும்பி வருகிறார்கள்.

இருக்க இடம் கொடுத்தவள் கெங்கம்மாள். கூடை சுமந்து கருவாடு விற்கிறவள். அவள் மகள் கண்ணகி கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பதால், நான் பள்ளியில் இருக்கும்போது தேவாவையும் பார்த்துக்கொள்கிறாள். இன்று மத்தியானம் போய்ப் பார்த்தால் இவன் கண்ணகியோடு உட்கார்ந்து வறுத்த நெத்திலி தின்றுகொண்டிருக்கிறான். முட்டைகூட நுழையாத வீட்டுப் பிள்ளை. கண்ணகி பயந்துபோய், 'அதுவாத்தான் எடுத்துச்சு டீச்சரம்மா' என்றாள். சாப்பிடட்டும் என்றேன். இங்கே வந்து அவன் விரும்பிச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

என்னிடம் பேசுவதில்லை. கிட்டே போனால் கையால் அடிக்கிறான். படுக்கையை நனைக்கிறான், அதை விட்டு ஒரு வருஷமாகியிருந்தது.

யாருக்காக இவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்? அவனுக்காகவா, எனக்காகவா?

13 ஜூலை, சனி

இவர் வரவில்லை.

19 ஜூலை, வெள்ளி

ஊரெல்லாம் காய்ச்சல். மதறாஸில் கப்பல் வழியாக வந்ததாம், பேப்பரில் ஃப்ளூ என்கிறார்கள். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பள்ளியை மூடச் சொல்லிவிட்டார்கள். கெங்கம்மாள் வீட்டில் கண்ணகி படுத்துவிட்டாள்.

தேவாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இப்போது சூடு இல்லை. இல்லைதானே?

21 ஜூலை, ஞாயிறு

வந்துவிட்டது. கொதிக்கிறது உடம்பு. தண்ணீரைத் துப்புகிறான். பாகூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், கட்டில் இல்லை, வீட்டிலேயே வையுங்கள் என்றார்கள். மாட்டுவண்டியில் போய்வந்தது எனக்கு இடுப்பைப் பிளக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டே பெரிம்மா என்கிறான். 'அம்மா இருக்கேன்டா' என்றால் தலையைத் திருப்பிக்கொள்கிறான்.

22 ஜூலை

எனக்கும். எழுத முடியவில்லை. உள்ளே இருப்பது காலையிலிருந்து அசையவில்லை. சாமி, ரெண்டுல ஒண்ணக்கூட எடுத்துக்காதே. நான் பண்ணது தப்புன்னா என்னை எடுத்துக்கோ, அதுங்க இன்னா பண்ணுச்சு

30 ஜூலை, செவ்வாய்

இன்றுதான் எழுந்து உட்கார்ந்தேன். நடந்ததைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன்.

நான் நினைவில்லாமல் கிடந்ததைப் பார்த்த கெங்கம்மாள், கூடையைத் தூக்கிக்கொண்டு வில்லியனூருக்கே போயிருக்கிறாள். கடையில் போய் நின்றபோது பெரியவர், 'அவ திமிருக்குப் போனா, அவளே பாத்துக்கட்டும்' என்றாராம். இவர் கடையில் இல்லை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாராம், அதனால்தான் சனிக்கிழமை வரவில்லை. நான் அவரை என்னென்ன நினைத்தேன்.

கெங்கம்மாள் விடவில்லை. தெருவைச் சுற்றி வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா கேட்டது ஒன்றுதான்: 'புள்ளைக்கு மூச்சு இருக்கா?' உடனே பத்திய அரிசியும் கஷாயச் சாமானும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். பெரியவர் தெருவில் இறங்கிவந்து, 'போனா இந்தப் படி ஏறாதே' என்று நாலு பேர் கேட்கச் சொன்னாராம்.

'அக்கா இன்னா சொன்னாங்க?' என்று கெங்கம்மாளைக் கேட்டேன்.

'ஒண்ணுஞ் சொல்லல டீச்சரம்மா. எங்கூட இன்னா வேகமா நடந்துச்சு, அவ்ளோதான். பஸ்ஸுல கருவாட்டுக் கூடைய மடியில வெச்சுக்குச்சு பாவம், எடமில்லாம.'

தனியாக ஒருநாளும் பஸ் ஏறாதவள்.

பிள்ளை இப்போது கஞ்சி குடிக்கிறான். வயிற்றில் இருப்பது உதைக்கிறது. இரண்டையும் அக்காதான் மீட்டுக் கொடுத்தாள். தேவாவை மடியில் போட்டுக்கொண்டு விசிறுகிறாள். அவன் மீன் சாப்பிடுகிறான் என்று தெரிந்ததும் முகம் சுளித்தாள். பிறகு முள் எடுத்து ஊட்டுகிறாள், மூக்கைத் திருப்பிக்கொண்டு.

4 ஆகஸ்ட், ஞாயிறு

இவர் வந்தார். இளைத்துப்போயிருக்கிறார். பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை.

அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சொன்னார்: 'அண்ணன் நெட்டப்பாக்கத்துப் பொண்ண பேசி முடிச்சுட்டாரு. ஆவணியில. சேலை கூட எடுத்தாச்சு.'

'நீங்க ஒண்ணும் சொல்லலியா?'

'சொன்னேன். மொத தடவையா எதிர்த்துப் பேசினேன். அண்ணி தேவாவ கூட்டிக்கினு திரும்பி வந்தா நிறுத்தறேங்கறாரு. இல்லன்னா இல்ல.'

வாசலில் குடத்தோடு அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

6 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்றெல்லாம் யோசித்து, இன்று சொல்லிவிட்டேன். 'அக்கா, தேவாவ கூட்டிக்கினு போங்க. நான் குடுத்துடறேன்.'

என் உயிரையும் வயிற்றையும் காப்பாற்றியவள் என் பிள்ளையால்தான் வாழ வேண்டும் என்றால் நான் எப்படி வைத்துக்கொள்வது? சொன்னபோது உறுதியாகத்தான் இருந்தேன்.

அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்று முழுவதும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

7 ஆகஸ்ட், புதன்

பள்ளி மறுபடி திறந்த நாள். மத்தியானம் வந்து பார்க்கிறேன், அக்காவும் இல்லை, தேவாவும் இல்லை. அக்காவின் மூட்டையும் இல்லை. கண்ணகி, 'பஸ்ஸுக்குப் போறேன்னாங்க, நீங்க அனுப்பறீங்கன்னு நெனச்சேன்' என்றாள்.

நானாகக் கொடுத்தது. கூப்பிட்டுக் கொடுத்தது. ஆனால் வீட்டில் அவன் சட்டை காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இந்த வயிற்றோடு மணலில் ஓடினேன். மணப்பட்டுத் தோப்பைத் தாண்டும்போது செருப்பு அறுந்தது. விட்டுவிட்டு ஓடினேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? ஒரு முத்தம் வாங்கிக்கொண்டிருக்க மாட்டேனா? பஸ் போயிருக்கும், போயிருக்கும் என்று அடித்துக்கொண்டே —

கன்னியக்கோயில் பஸ் நிற்கும் புளியமரத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் தேவா தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூட்டை.

நான் மூச்சு வாங்கி நின்றேன். அவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

'ஏறல' என்றாள். 'ரெண்டு பஸ் வந்துச்சு. ஏறல.'

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

'கூட்டிக்கினு போயிடலாம்னுதான் வந்தேன் சுலோசனா. பொய் சொல்ல மாட்டேன். நீ வர்றதுக்குள்ள போயிடணும்னு.' தேவாவின் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள். 'இவன கொண்டும்போய் விட்டா அவரு கல்யாணத்த நிறுத்திடுவாரு. எம் எடம் எனக்குக் கெடைக்கும். அப்புறம் யோசிச்சேன். பொண்ணு பாத்து, பேசி, சேலையெடுத்த மனுசன். இவன அவரு கையில குடுத்துத்தான் நான் அந்த வூட்ல குந்தணுமா? நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா, மறுபடி படி ஏறாதேம்பாரு. எதுக்கு?'

'அக்கா —'

'நீ பேசாதே. நீ குடுக்கறேன்னு சொன்னப்பவே ஒம் மூஞ்சிய பாத்தேன். பொணம் மாதிரி இருந்துச்சு.'

அடுத்த பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்தான். அக்கா வேண்டாமென்று கையாட்டினாள். பிறகு தேவாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். என்னால் தூக்க முடியாது. நான் மூட்டையை எடுத்துக்கொண்டேன். என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு அவள் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

30 ஆகஸ்ட், வெள்ளி

நெட்டப்பாக்கத்தில் இன்று கல்யாணம். அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்தாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தை இன்று செய்யவில்லை. கழற்றவும் இல்லை. நாள் முழுக்க வலை நூல் சிக்கெடுத்துக் கொடுத்துக்கொண்டு கண்ணகியோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் பிள்ளையைக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. இதை யாரும் என்னிடம் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

9 அக்டோபர், புதன்

பெண். கணக்குக்கு ஒரு மாதம் முன்னதாகவே. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி கட்டிப் பாகூர் போவதற்குள் ஆகிவிட்டது. கெங்கம்மாள் கையில்தான் விழுந்தது. தேவா எட்டிப் பார்த்துவிட்டு, 'இது யாரோடது?' என்று கேட்டான். 'ஒனக்குத் தங்கச்சி' என்றாள் அக்கா.

இப்போதெல்லாம் என்னை அம்மா என்கிறான். எப்போது ஆரம்பித்தான் என்று கவனிக்கவில்லை. அவளைப் பெரிம்மா. பயந்தால் மட்டும் இரண்டு பேரில் யார் கிட்டே இருக்கிறோமோ அவர்களிடம் ஓடுகிறான்.

24 நவம்பர், ஞாயிறு

இவர் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். கடையை விட்டு வருவதாக இல்லை. வரச் சொல்லி நானும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அண்ணன் பேச்சு வந்தால் தலை குனிவார். இன்று தேவாவைக் கடலுக்கு அழைத்துப்போய்விட்டு வந்து, 'அன்னிக்கு கொளக்கரையில நான் கேட்டது தப்பு சுலோ' என்றார். எது என்று நான் கேட்கவில்லை. அவர் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

20 ஜனவரி 1958, திங்கள்

பிரசவ விடுப்பு முடிந்து இன்று பள்ளி. பிள்ளைகள் என்னை மறந்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். வாசலிலேயே வந்து நின்றார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தேவா ஓடிவந்தான். 'பெரிப்பா வந்தாரு. பெரிம்மா தண்ணி குடுத்தாங்க. குடிச்சிட்டுப் போயிட்டாரு.'

பையை இறக்காமலே ஓடினேன். அக்கா உள்ளே பாப்பாவைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள்.

'இன்னாக்கா? எதுக்கு வந்தாரு?'

'கூப்புடத்தான்.' தண்ணீரில் கையை விட்டுச் சூடு பார்த்தாள். 'அந்தப் பொண்ணுக்கு வூட்டு வேல ஓடலியாம். கடைச் சாப்பாடு ஒத்துக்கலியாம் இவருக்கு. பண்ணது தப்புன்னும் சொன்னாரு. கண்ணு கலங்கிப்போச்சு மனுசனுக்கு. வயசாயிட்ட மாதிரி இருக்காரு.'

'நீங்க இன்னா சொன்னீங்க?'

'சுலோசனா வரட்டும், கேட்டு சொல்றேன்னேன். அவருக்குக் கோவம். அவள எதுக்குக் கேக்கணும்னு எழுந்து போயிட்டாரு. நாளைக்கு மறுபடி வரேன்னாரு.' அவள் முதன்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். 'நீ இன்னா சொல்றே?'

ஒரு வருஷத்துக்கு முன் இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால், அவள் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், என் பிள்ளை பக்கம் வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவளிடமிருந்து தப்பித்துத்தானே இந்தக் கடற்கரைக்கு வந்தேன்.

'போவாதீங்கக்கா' என்றேன்.

அவள் பாப்பாவைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

'சரி. பாப்பாவ புடி, தண்ணி ஆறிப்போவுது' என்றாள்.